மனசு விட்டுக் கேளுங்க: "டாக்டர் ஒண்ணும் இல்லன்னுட்டாரு, ஆனா எனக்கு என்னமோ இருக்கு"

இந்த மாசம் மனநலம் பத்தி மட்டும் கேள்வி அனுப்புங்கன்னு சொன்னோம், வந்ததுல முக்கால்வாசி "பேரு போட்டுடாதீங்க அக்கா"ன்னு தான் ஆரம்பிக்குது. யாரு பேரும் போடல, ஊரு மட்டும் தான் இருக்கு. ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடறேன், மலேசிய சுகாதார அமைச்சு 2023ல எடுத்த ஆய்வுல 16 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கள்ல 4.6 விழுக்காட்டு பேருக்கு டிப்ரெஷன் இருக்குன்னு வந்துச்சு, கிட்டத்தட்ட 10 லட்சம் பேரு, 2019ல இது 2.3 தான். அந்த 10 லட்சத்துல நம்ம வீட்டு ஆளுங்களும் இருக்காங்க, நாம தான் அதுக்கு வேற வேற பேரு வச்சு கூப்பிட்டுட்டு இருக்கோம்.

அக்கா, எனக்கு 27 வயசு, பிறைல வீடு, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில நைட் ஷிஃப்ட். நாலு மாசத்துக்கு முன்ன மோட்டார்ல பினாங்கு பாலத்துல போயிட்டு இருக்கறப்போ திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு, விரலெல்லாம் மரத்து, மூச்சு முட்டி, இதோ சாகப்போறேன்னு ஆயிடுச்சு. எமர்ஜென்சில இசிஜி, ரத்தம் எல்லாம் பாத்துட்டு ஒண்ணுமே இல்ல, ஸ்ட்ரெஸ்னு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறமும் வருது. இப்ப பாலம் ஏறறதே இல்ல, பட்டர்வொர்த் போயி ஃபெரி ஏறி சுத்திட்டு வேலைக்கு போறேன். யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு அம்மா சாமி பாக்கற இடத்துக்கு கூட்டிட்டு போறாங்க, கையில ரெண்டு கயிறு ஏறிடுச்சு. இது நெஞ்சு வியாதியா மனசு வியாதியா?
பெயர் வேண்டாம், பிறை

தம்பி, மொதல்ல நெஞ்ச காட்டி பாத்தீங்களே, அது ரொம்ப சரியான காரியம். நெஞ்சு வலின்னா யாரா இருந்தாலும் எத்தன வயசா இருந்தாலும் மொதல்ல அத பாத்துடணும். அதுல ஒண்ணும் இல்லன்னு வந்தப்புறமும் திரும்பத் திரும்ப இப்படி வருதுன்னா, நீங்க எழுதியிருக்கறது அப்படியே பேனிக் அட்டாக்குக்கு, அதாவது திடீர்னு வர்ற பயத் தாக்குதலுக்கு, பொருந்துது. டாக்டர் நேர்ல பாத்து உறுதி பண்ணணும், ஆனா நீங்க நடிக்கல, கற்பனை பண்ணல, பைத்தியமும் இல்ல. "ஒண்ணும் இல்ல"ன்னு அவங்க சொன்னது இதயத்துல ஒண்ணும் இல்லன்னு தான் அர்த்தம், உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு இல்ல. அந்த வார்த்தையோட ஒருத்தர வீட்டுக்கு அனுப்பறது தான் எனக்கு புடிக்காத விஷயம், அடுத்து எங்க போகணும்னு ஒரு வரி சேத்து சொல்லியிருந்தா இந்த நாலு மாசம் உங்களுக்கு மிஞ்சியிருக்கும்.

உடம்புல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும், அதனால சொல்றேன். ஆபத்துன்னு மூளை நெனச்சதும் அட்ரினலின் ஏறுது, நெஞ்சு வேகமா அடிக்குது, நீங்க அறியாமலே வேக வேகமா மூச்சு விட ஆரம்பிச்சுடறீங்க, அதுல ரத்தத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு கொறையுது, அது கொறஞ்சா தான் விரல் மரக்கறது, வாயச் சுத்தி குறுகுறுங்கறது, தலை கிறுகிறுக்கறது எல்லாம் வரும். மூச்சு பத்தலன்னு தோணும், உண்மையில தேவைக்கு மேல விட்டுட்டு இருப்பீங்க. பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சிக்கு போயிட்டு எறங்கிடும். அந்த நேரத்துல செய்ய வேண்டியது இழுக்கற மூச்ச விட வெளிய விடற மூச்ச நீளமா விடறது, மனசுக்குள்ள நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்க. இத அட்டாக் வராத நேரத்துல, வீட்ல சும்மா உக்காந்து பழகி வச்சுக்கங்க, நடு ரோட்டுல மொத தடவையா செஞ்சு பாத்தா கை கொடுக்காது.

இப்ப பாலத்துக்கு வரேன், ஏன்னா உங்க கடிதத்துல எனக்கு ரொம்ப கவலையா இருந்தது அது தான். ஃபெரில போனா அன்னைக்கு நிம்மதியா தான் இருக்கும், ஆனா பாலத்த தவிர்த்ததால தான் பொழச்சோம்னு மூளை கணக்கு எழுதி வச்சுக்கும், அடுத்த வாரம் பயம் ஒரு பிடி கூடும். இன்னைக்கு பாலம், நாளைக்கு லிஃப்ட், அப்புறம் ஃபேக்டரி, அப்புறம் வீட்டு வாசல். இப்படி சுருங்கிப் போன ஆளுங்க எழுதின கடிதம் இந்த பத்திக்கு நெறைய வந்திருக்கு. சிபிடின்னு ஒரு பேச்சு சிகிச்சை இருக்கு, பேனிக்குக்கு நல்லா வேலை செய்யுதுன்னு நிரூபிச்சது, அதுல கொஞ்சம் கொஞ்சமா பயந்த இடத்துக்கு திரும்ப போக வைப்பாங்க. உங்களுக்குன்னா, மொதல்ல பகல்ல நண்பரோட கார்ல பின் சீட்டுல உக்காந்து அந்த 13.5 கிலோமீட்டரையும் போறது, அது சாதாரணமானப்புறம் முன் சீட்டு, அப்புறம் நீங்க ஓட்டறது, கடைசியா மோட்டார். ஆனா இப்பவே தனியா மோட்டார எடுத்துட்டு வீரமா பாலம் ஏறிடாதீங்க, கவுன்சலர் கூட பேசி படி படியா செய்யுங்க. கிறுகிறுப்போட பாலத்து நடுவுல மோட்டார் ஓட்டறது உயிருக்கு ஆபத்து.

எங்க போறது? வீட்டுக்கு பக்கத்துல இருக்கற கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதான் அரசாங்க கிளினிக்குக்கு, ஐசி எடுத்துட்டு போங்க, நம்ம நாட்டு குடியுரிமை இருந்தா 1 வெள்ளி, மருந்தும் அதுலயே. கவுன்டர்ல என்ன சொல்றதுன்னு தான் பல பேரு தயங்கி திரும்பி வந்துடறாங்க, அதனால நானே சொல்லித் தரேன், "நாக் புவாட் சாரிங்ஙான் மிண்டா சிஹாட்"னு சொல்லுங்க, மனநல சோதனை செய்யணும்னு அர்த்தம், அவ்ளோ தான், நர்ஸுக்கு புரியும். பதட்டமும் டிப்ரெஷனும் இருக்கான்னு பாக்கற ஒரு கேள்வி ஃபாரம் கொடுப்பாங்க, கொஞ்ச நாளா எப்படி இருந்தீங்கன்னு 0லேர்ந்து 3 வரைக்கும் போடறது. எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன்னு 0 போட்டு கொடுத்துட்டு வர்றவங்க இருக்காங்க, தயவு செஞ்சு அப்படி செய்யாதீங்க. டாக்டர்கிட்ட தைராய்டும் பாக்க சொல்லுங்க, அது கூடுனாலும் இதே மாதிரி படபடப்பு வரும். நைட் ஷிஃப்ட்ல எத்தன கோப்பி, எத்தன எனர்ஜி டிரிங்க் குடிக்கறீங்கன்னு நீங்க எழுதல, குடிக்கறீங்கன்னா அத பாதியா கொறைங்க.

அம்மா விஷயம். அவங்க பயந்து போயிருக்காங்க, அவங்களுக்கு தெரிஞ்ச வழில காப்பாத்த பாக்கறாங்க, அவங்ககிட்ட சண்டை போடாதீங்க. கயிறு கையிலயே இருக்கட்டும், தண்ணீர்மலைக்கு போயி முருகன கும்பிட்டு வாங்க, அது மனசுக்கு தெம்பு தான். ஆனா அடுத்த தடவ டாக்டர பாக்க போறப்போ அம்மாவையும் கூட்டிட்டு போங்க, மகனுக்கு என்னன்னு டாக்டர் வாயால கேட்டா அவங்களுக்கும் தூக்கம் வரும். சாமி பாக்கறவரு பணம் கேட்டுட்டே இருந்தாலோ, டாக்டர் மருந்த நிறுத்துன்னு சொன்னாலோ, அந்த எடத்துலேர்ந்து எழுந்து வந்துடுங்க.

மகளுக்கு 15 வயசு, படிப்புல நல்ல பொண்ணு. ரெண்டு மாசமா ரூம்ல தான் இருக்கா, வீட்லயும் முழுக்கை சட்டை. துணி மடிக்கறப்போ கையில கீறுன கோடு கோடா பாத்துட்டேன். ஸ்கூல் கவுன்சலிங் டீச்சரும் கூப்பிட்டு பேசணும்னாங்க. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா "எல்லாம் ஃபோனால வர்றது, புடுங்கி வை, இத வெளிய சொன்னா தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிட்டாங்கன்னு ஊரே பேசும்"னு கத்தறாரு. நான் என்ன செய்ய?
ஒரு அம்மா, செலாயாங்

அம்மா, இன்னைக்கே அவகிட்ட பேசுங்க. கணவர் சம்மதிக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

எப்படி பேசறதுன்னா, கைய புடிச்சு இழுத்து சட்டைய ஒதுக்கி "என்னடி இது"ன்னு கேக்கறது இல்ல. தம்பி தங்கச்சி இல்லாத நேரமா பாத்து, அவ ரூம்ல போயி தரையில உக்காந்து, "உன் கைய பாத்தேன்மா, எனக்கு கோபம் இல்ல, பயமா இருக்கு, உனக்கு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும்"னு ஆரம்பிங்க. அப்புறம் வாய மூடிக்கங்க. அவ பேச ரொம்ப நேரம் ஆகலாம், பேசாமயே இருக்கலாம், அந்த மௌனத்த அட்வைஸால நெரப்பாதீங்க. கொஞ்சம் பேச்சு வந்தப்புறம் நேரா கேளுங்க, "சாகணும்னு தோணுதாம்மா?" இப்படி கேட்டா நாமளே அந்த எண்ணத்த தூண்டி விட்டுடுவோமோன்னு எல்லா பெத்தவங்களும் பயப்படறாங்க, அது தப்பு, கேக்கறதால யாருக்கும் அந்த எண்ணம் புதுசா வராது, ஏற்கெனவே இருந்தா சொல்றதுக்கு ஒரு வாசல் கெடைக்கும். தோணுதுன்னு சொன்னா அவள தனியா விடாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க. கீறிக்கற எல்லா பிள்ளைங்களும் சாக நெனைக்கறவங்க இல்ல, தாங்க முடியாத ஒரு வலிய வேற வலியால அடக்க பாக்கறாங்க, ஆனா அது அம்மாவே வீட்ல வச்சு தீத்துடற விஷயமும் இல்ல.

ஸ்கூல் கவுன்சலிங் டீச்சர் கூப்பிட்டாங்கன்னா போங்க, அவங்க பிள்ளைய புகார் சொல்ல கூப்பிடல, யாரோ ஒருத்தர் ஸ்கூல்ல உங்க பொண்ண கவனிச்சிருக்காங்கன்னு அர்த்தம், அதுக்கு நான் சந்தோஷப்படறேன். 18 வயசுக்கு கீழ இருக்கறதால சிகிச்சைக்கு உங்க கையெழுத்து வேணும், அதனால நீங்க கூட இருந்தாகணும். 2022ல நாடு பூரா ஸ்கூல் பிள்ளைங்கள வச்சு எடுத்த ஆய்வுல 13லேர்ந்து 17 வயசு வரைக்கும் நாலுல ஒரு பிள்ளைக்கு டிப்ரெஷன் அறிகுறி இருக்குன்னு வந்துச்சு. அவ கிளாஸ்லயே அவள மாதிரி பல பேரு இருப்பாங்க.

இப்ப அப்பாவுக்கு, இந்த பக்கத்த அவருகிட்ட காட்டுங்க. ஐயா, நீங்க சொல்ற அந்த தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரி 1911ல கட்டினது, ஒரு காலத்துல அங்க போனவங்கள்ல பல பேரு திரும்பல, அந்த பயம் நம்ம தாத்தா பாட்டி தோட்டத்துல இருந்தப்போ உண்மையாவே இருந்த பயம், நான் அத லேசா சொல்லல. ஆனா இன்னைக்கு உங்க மகளுக்கு கெடைக்கப்போறது மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவ ஒரு ரூம்ல உக்காந்து பேசறது, தேவைப்பட்டா மருந்து, அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு ஹோம்வர்க் செய்யறது. ஊரு பேசுமேன்னு கவலைப்படறீங்க, அது எனக்கு புரியுது, பொண்ண பெத்தவரு. ஆனா அவ அந்த முழுக்கை சட்டைக்குள்ள தனியா இருக்கா, அவளுக்கு இப்ப அப்பா வேணும். ஃபோன புடுங்காதீங்க, ராத்திரி அவ ஒரு தோழிகிட்ட பேசறதுக்கு அது ஒண்ணு தான் வழியா இருக்கலாம். ஃபோன்ல யாராச்சும் மெரட்டறாங்களான்னு தெரியணும்னா பொறுமையா கேட்டு தெரிஞ்சுக்கங்க.

எனக்கு 63 வயசு. ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆனவன். மனைவி தவறி ஒன்றரை வருஷம் ஆச்சு. விடிகாலை மூணு மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கம் இல்ல. சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கு, பெல்ட்ல புது ஓட்டை போட்டாச்சு. அழுகை கூட வரல. பிள்ளைங்க "கோயிலுக்கு போங்கப்பா, நாலு பேரோட பேசுங்கப்பா"ன்னு ஃபோன்ல சொல்றாங்க. அவங்களுக்கும் பாரமா இருக்கேன், போய் சேந்துட்டா எல்லாருக்கும் நிம்மதி. இதெல்லாம் வயசானா வர்றது தானே?
செந்தூல்

இல்ல அண்ணே, இது வயசானா வர்றது இல்ல.

கடைசி வரிக்கு மொதல்ல வரேன். போய் சேந்துட்டா நிம்மதின்னு எழுதியிருக்கீங்க. அது எண்ணமா மட்டும் இருக்கா, எப்படி எப்போன்னு யோசிக்கற வரைக்கும் போயிருக்கான்னு இந்த பேப்பர் வழியா எனக்கு தெரியாது, அதனால நேரா சொல்றேன், இத படிச்சதும் மகளுக்கோ மகனுக்கோ ஃபோன் போட்டு இப்ப எனக்கு எழுதின அதே வார்த்தைய அவங்ககிட்ட சொல்லுங்க. சொல்ல முடியலன்னா 03-7627 2929, பிஃப்ரெண்டர்ஸ்னு மனக்கஷ்டத்த காது கொடுத்து கேக்கற அமைப்பு, 24 மணி நேரமும் எடுப்பாங்க, 1970லேர்ந்து இருக்காங்க, மூணு மணிக்கு முழிச்சு உக்காந்திருக்கற அந்த நேரத்துலயும் எடுப்பாங்க, தமிழ்ல பேசணும்னா எடுத்ததும் கேட்டுப் பாருங்க. சுகாதார அமைச்சோட மனநல உதவி எண் ஹீல் லைன் 15555, காலையில எட்டு மணிலேர்ந்து ராத்திரி பன்னெண்டு வரைக்கும். அவசரம்னா 999. உங்க மனைவியோட மாத்திரை மருந்து இன்னும் வீட்ல இருக்கும்னு நெனைக்கறேன், எடுத்து போட மனசு வந்திருக்காது, அத பூரா மகள்கிட்ட கொடுத்து ஆஸ்பத்திரி ஃபார்மசில கொடுத்துட சொல்லுங்க. போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு பழைய ஆளுங்க இதெல்லாம் வெளிய சொல்ல மாட்டாங்க, தற்கொலை முயற்சிய குற்றமா வச்சிருந்த 309வது பிரிவ நாடாளுமன்றம் 2023ல எடுத்துடுச்சு, அந்த வருஷம் செப்டம்பர்லேர்ந்து அது குற்றமே இல்ல. தைரியமா வாய திறந்து சொல்லலாம்.

துக்கம் எல்லாருக்கும் வரும், மனைவி போனதுக்கு நீங்க துக்கப்படறத யாரும் கொறை சொல்ல முடியாது. ஆனா துக்கம் அலை அலையா வரும், நடுவுல பேரப்பிள்ளை ஏதாச்சும் பண்ணா சிரிப்பும் வரும். உங்களுக்கு அது கூட வரல, ருசி போச்சு, எடை போச்சு, விடிகாலைல முழிப்பு வந்துடுது, நான் பாரம்னு தோணுது. இது டிப்ரெஷனோட முகம், மருந்துக்கும் பேச்சுக்கும் நல்லா எறங்கற நோய். நம்ம ஆம்பளைங்க அழ மாட்டாங்க, அதனால வீட்ல யாருக்கும் தெரியறது இல்ல, இடுப்பு வலி, தலை பாரம், மறதின்னு தான் வெளிய வரும். இனிப்புநீருக்கோ பிரஷருக்கோ நீங்க கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் வச்சிருந்தா அதே டாக்டர்கிட்ட இதையும் சொல்லுங்க, அவங்களே பாப்பாங்க, இல்லன்னா பெரிய ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்டுக்கு லெட்டர் கொடுப்பாங்க.

இத படிக்கற பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை. அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல காலைல ஒரு பூ படம் அனுப்பிட்டு கடமை முடிஞ்சுதுன்னு இருக்காதீங்க. கோயிலுக்கு போங்கன்னு சொல்றத விட்டுட்டு, ஞாயித்துக்கெழமை வந்து கூட்டிட்டு போங்க. வரலன்னு சொன்னா வற்புறுத்தாம சோறு ஆக்கி அவரோட ஒரே டேபிள்ல உக்காந்து சாப்பிடுங்க, எவ்ளோ சாப்பிடறாருன்னு பாருங்க. அம்மாவ பத்தி பேசினா அப்பா ஒடஞ்சுடுவாருன்னு அந்த பேச்சையே எடுக்காம இருக்கீங்க இல்ல, எடுங்க, அவரு அதுக்கு தான் ஏங்கிட்டு இருப்பாரு.

கவுன்சலிங் போனா ஆபீஸுக்கு தெரிஞ்சுடுமா? அடுத்த வருஷம் எனக்கு கல்யாணம் வேற பேசிட்டு இருக்காங்க.
பிரிக்ஃபீல்ட்ஸ்

கிளினிக்ல நீங்க சொல்றத ஆபீஸுக்கோ மாப்பிள்ளை வீட்டுக்கோ அவங்க சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்துன்னு வந்தா உங்கள காப்பாத்தறதுக்காக வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லலாம். எம்சிலயோ டைம் ஸ்லிப்லயோ எந்த கிளினிக்னு முத்திரை இருக்கும், அது உறுத்தலா இருந்தா டாக்டர்கிட்டயே சொல்லி கேளுங்க. பிரைவேட்ல கவுன்சலர் பாக்கறீங்கன்னா 1998 கவுன்சலர் சட்டத்துல பதிவு பண்ணவரான்னு கேட்டுடுங்க, இப்ப ஃபேஸ்புக்ல ரெண்டு நாள் கோர்ஸ் முடிச்சுட்டு மனச சரி பண்றேன்னு சொல்றவங்க நெறைய பேரு இருக்காங்க. ரசீத பத்திரமா வைங்க, வருமான வரில மெடிக்கல் செக்கப்புக்கு கொடுக்கற 1,000 வெள்ளி கழிவுல மனநல கன்சல்டேஷனும் சேரும்.

கல்யாணத்த பத்தி என் கருத்து, கட்டிக்கப் போறவருகிட்ட நீங்களே சொல்லுங்க, அவங்க வீட்டு ஆளுங்களுக்கு சொல்லணும்னு இல்ல. கேட்டுட்டு அவரு என்ன செய்யறாருன்னு கல்யாணத்துக்கு முன்னயே தெரிஞ்சுக்கறது உங்களுக்கு தான் நல்லது.

மனைவிக்கு டிப்ரெஷன் மருந்து கொடுத்து பத்து நாள் ஆச்சு, வயித்த பொரட்டுதுங்கறா, ஒண்ணும் மாத்தமும் இல்ல. வாழ்நாள் பூரா அடிமை ஆயிடுவாங்கன்னு அத்தை வேற பயமுறுத்தறாங்க. நிறுத்திடலாமா?
ஆயர் ஈத்தாம்

நிறுத்த வேண்டாம் அண்ணே. இப்ப டிப்ரெஷனுக்கு பெரும்பாலும் கொடுக்கற எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்து வேலை காட்ட ரெண்டு வாரத்துலேர்ந்து நாலு வாரம் ஆகும், சில பேருக்கு ஆறு வாரம், ஆனா வயித்த பொரட்டறது மொத வாரமே வந்துடும், அதனால தான் பல பேரு நல்லது வர்றதுக்கு முன்ன விட்டுடறாங்க. சாப்பிட்டுட்டு போட சொல்லுங்க, பெரும்பாலும் கொஞ்ச நாள்ல அடங்கிடும். அடங்கலன்னா டாக்டர்கிட்ட போயி வேற மருந்து கேளுங்க, ஒரே மருந்து எல்லாருக்கும் ஒத்து வராது. அடிமையாக்கற மருந்து இது இல்ல, தூக்க மாத்திரைய பத்தி கேட்டத அத்தை இதோட சேத்து கொழப்பிக்கறாங்க. ஆனா படக்குன்னு நிறுத்துனா கிறுகிறுப்பு, எரிச்சல் எல்லாம் வரும், அதனால விடறதா இருந்தாலும் டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா தான் கொறைக்கணும், அதுவும் நல்லா ஆனப்புறம் ஆறு மாசமாச்சும் தொடர்ந்து போட்டுட்டு. ஆரம்ப வாரங்கள்ல அவங்க ரொம்ப பதட்டமாவோ, வாழ வேண்டாம்னோ பேசினா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே கூட்டிட்டு போங்க. ராத்திரி சமையலும் பிள்ளைங்க ஸ்கூல் பேக்கும் இந்த ஒரு மாசம் உங்க வேலை.